திம்பாங் அண்ணே போட்ட புள்ளிகள்

அவர் தேநீர் குடிக்கிற விதத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

போர்ட் கிள்ளானில் எங்கள் கொண்டெய்னர் யார்டு கேட்டுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தகரக் கூரை, நான்கு மேசை, நடத்துகிறவர் ஓர் அக்கா. திம்பாங் அண்ணே வந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்கும் சேர்த்து இரண்டு தே சொல்வார். வந்ததும் குடித்துவிட மாட்டார். இரண்டு கிளாஸையும் இரண்டு கையில் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். ஒன்றில் ஒரு நூல் கூடுதலாகத் தெரிந்தால் மற்றதில் சாய்ப்பார். திரும்பவும் பிடித்துப் பார்ப்பார். அப்புறம்தான் நம் கிளாஸை நம் பக்கம் தள்ளுவார்.

"அண்ணே, ஆறிடும்ணே."

"ஆறட்டும். ரெண்டும் ஒண்ணா ஆறட்டும்."

ஃபோர்க்லிப்ட் ஓட்டும் சேவியர் ஒருநாள் வீட்டிலிருந்து ரூலர் கொண்டுவந்து இரண்டு கிளாஸையும் அளந்து பார்த்தான். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. "மனுஷனாய்யா இவரு?" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரியாதவர் போல எங்களைப் பார்த்தார்.

அவருக்கு வேலை எடை போடுவது. கொண்டெய்னர் ஏற்றிய லோரி, தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தட்டின் மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அதற்குள் உட்கார்ந்து எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுப்பார். மலாய்க்காரர்கள் எடை போடுவதைத் திம்பாங் என்பார்கள். அப்படியே அவர் எங்கள் எல்லோருக்கும் திம்பாங் அண்ணே ஆனார். அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். காரணம் கடைசியில் வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அக்காள் இருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

நான் பண்டமாரானில் இருக்கிறேன். லோரி ஓட்டுகிறேன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, என் படிப்பு நின்றது. காலையில் முன் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து முனீஸ்வரரைக் கும்பிடாமல் ஒருநாளும் சாவியைத் திருப்பியதில்லை. இருபது வருடமாக என்னை அவர்தான் காப்பாற்றி வருகிறார். அப்படித்தான் நம்புகிறேன்.

திம்பாங் அண்ணே எடையைக் காட்டும் பெட்டியைப் பார்த்து எண்ணை எழுத மாட்டார். லோரி தட்டில் ஏறும்போது தலையைச் சற்றுச் சாய்த்து இரும்பு முனகுகிற சத்தத்தைக் கேட்பார். எண்ணை எழுதிவிடுவார். பிறகு பெட்டியில் அதே எண் வரும். ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் ஏறி நின்றேன். அவர் எழுதவில்லை. கண்ணாடி வழியாக என் பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல யாருப்பா?"

"யாருமில்லண்ணே. நான் மட்டும்தான்."

"எறங்கி திரும்பி ஏறு."

இறங்கி ஏறினேன். திரும்பவும் அதையே சொன்னார். மூன்றாவது முறை ஏறியபோது, "ம். எறங்கிட்டாரு போல" என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார். யார் இறங்கியது என்று கேட்காமலே வண்டியை எடுத்தேன். ஷா ஆலம் போய்ச் சேர்வதற்குள் பந்திங்கிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். அப்பா தவறிவிட்டார். நேரம் கேட்டேன். பதினொன்று தாண்டி ஐந்து நிமிடமாம்.

இப்படிப்பட்டவரிடம்தான் நாங்கள் பந்து விளையாட்டுக்குப் புள்ளி போட்டுத் தரச் சொன்னோம்.

யார்டில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஃபேண்டஸி லீக் நடத்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவரும் இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர்களில் பதினொரு பேரை நமக்கென்று போனில் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். வாரக் கடைசியில் அவர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அதற்கேற்ப நமக்குப் புள்ளி வரும். காசு வைத்தால் நான் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதனால் வேறு பந்தயம் வைத்தார்கள். யார்டு ஓரத்தில் எங்கள் முனீஸ்வரர் கோயில். ஆடி மாதத் திருவிழாவில் அன்னதானம் போடுவோம். லீக்கில் முதலாவது வந்தவருக்குக் கோயிலில் முதல் மாலை. கடைசியாக வந்தவர் அன்னதானத்து வெங்காயம் அத்தனையையும் தனி ஆளாக உரிக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் வரும்.

நாலு வருடம் தொடர்ந்து முருகையாதான் உரித்தான். அவனும் என்னைப் போல லோரிக்காரன். கோல் அடிக்கிறவர்களை விட்டுவிட்டு, பின்னால் நின்று தடுக்கிறவர்களாகவே பிடித்துப் பிடித்து எடுப்பான். ஆப் கொடுக்கிற புள்ளியில் அவர்களுக்கு மதிப்பே இல்லை.

"முருகையா, உன் வீட்டம்மாவுக்கு வெங்காயச் சாம்பார் வேணும்னா இங்க வாங்கிக்கச் சொல்லு லா!" என்று சேவியர் சீண்டுவான்.

"டேய், தடுக்கிறவன் மட்டும் உழைக்கலையா? பாயிண்டே கோணல்டா!"

பக்கத்து மேசையில் கிளாஸைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த திம்பாங் அண்ணே அப்போதுதான் திரும்பினார். "கோணலா? கொண்டா, பார்ப்போம்" என்றார்.

அது மே மாதம். ஒரு பருவம் முடிந்து அடுத்தது ஆகஸ்டில்தான் தொடங்கும். அந்த இடைவெளியில் கட்டம் போட்ட ஏழெட்டு நோட்டுகளை நிரப்பினார். முடிந்துபோன பருவத்தின் ஆட்டங்களை வைத்து எட்டு அணிகளைத் தானே உண்டாக்கி, வாரம் வாரமாகப் புள்ளி போட்டுப் பார்த்தார். யாராவது எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போய்விட்டால் எண்ணை மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கடைசியில் எங்களுக்கு விளக்கினார்.

"கோல் அடிக்கிறவனுக்கு வேலையே அதுதான். அவன் அடிச்சா நாலு. பின்னால நிக்கிறவன் அடிக்கிறது அபூர்வம், அதுக்கு ஆறு. ஒரு கோல்கூட வுடாம காத்தா கீப்பருக்கும் பின்னால நிக்கிறவனுக்கும் நாலு. சிவப்பு அட்டைக்கு மைனஸ் மூணு. சொந்தக் கோலுக்கு மைனஸ் ரெண்டு. கேப்டனா வச்ச ஆளுக்கு பாயிண்ட் டபுள் ஆகும்ல, முதல் இடத்துல இருக்கிறவனுக்கு மட்டும் அந்த வாரம் அது ஆகாது."

"அப்ப ஜெயிக்கிறது குத்தமாண்ணே?" என்றான் சேவியர்.

"குத்தமில்ல. ஆனா ரொம்ப தூரம் போயிடக் கூடாது. போனா பின்னால இருக்கிறவன் ஆடறதையே வுட்டுடுவான். கடைசி வாரம் வரைக்கும் எல்லாரும் உள்ள இருக்கணும்."

"நீங்களும் ஒரு டீம் எடுங்கண்ணே."

"பாயிண்ட் போடறவன் ஆடக் கூடாது."

அந்த முறை எப்படி நின்றது என்றால், அடுத்த பருவத்தின் கடைசி வாரத்துக்குள் எட்டுப் பேரும் ஆறு புள்ளி இடைவெளியில் நுழைந்தோம். முருகையா முதல் மாலை வாங்கினான். சேவியர் வெங்காயம் உரித்தான். மற்ற யார்டுக்காரர்கள் வந்து எங்கள் விதிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவை எப்படிச் சரியாக வந்தன என்பது மட்டும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

புள்ளி போட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் எங்களிடம் வினோதமாகக் கேள்வி கேட்பார். சீட்டை நீட்டிக்கொண்டே, "இந்த வாரம் வீட்டுல ஏதாச்சும் சண்டையா?" என்பார். "மூத்தவளுக்குப் பரீட்சை எப்படி?" என்பார். அக்கறை என்று நினைத்தோம். பதில் சொன்னதும் பென்சிலை எடுப்பார்.

ஜூலையில் ஒரு மத்தியானம், பெரிய மழை விட்டிருந்த நேரம். தட்டில் தண்ணீர் நின்றால் எடை கூடிவிடும் என்று அவர் துடைப்பத்தோடு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். சீட்டு எடுக்க நான் அறைக்குள் போனேன். மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. இடது பக்கத்தில் ஆட்டக்காரர்கள் பெயர். வலது பக்கத்தில் எங்கள் எட்டுப் பேர் பெயர். அதே கட்டங்கள், அதே தலைப்புகள். சேவியர் சூப்பர்வைசரோடு கத்தியதற்காக வேலையிலிருந்து இரண்டு வாரம் நிறுத்தப்பட்டிருந்தான், அதற்கு எதிரே சிவப்பு அட்டை, மைனஸ் மூன்று. முருகையா லோரியைப் பின்னால் எடுத்துத் தன் மோட்டார் சைக்கிளையே நசுக்கினான், அது சொந்தக் கோல், மைனஸ் இரண்டு. வீட்டில் கெட்டது எதுவும் நடக்காத வாரத்துக்கு நாலு.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"என்னண்ணே இது, எங்க பேரெல்லாம்?"

"ஆட்டம் ஆகஸ்ட்லதானே. பாயிண்ட் நேரா நிக்குதான்னு எதை வச்சுப் பார்க்கறது?"

"போன வருஷ ஆட்டத்தை வச்சுப் பார்த்தீங்களே."

"அது முடிஞ்சு போனது. முடிஞ்சதை வச்சுக்கிட்டு எந்தப் பாயிண்டையும் சரி பண்ணிடலாம். இன்னும் நடக்காததுல நின்னாத்தான் அது சரியான பாயிண்ட். இப்போதைக்கு எனக்கு நீங்க எட்டுப் பேருதான் இருக்கீங்க."

நோட்டைத் திரும்பப் பார்த்தேன். இன்னும் வராத வாரங்களிலும் லேசாகப் பென்சில் ஓடியிருந்தது. அடுத்த வியாழக்கிழமைக்கு நேரே சேவியர் பெயரில் ஒரு மைனஸ் இரண்டு.

"இது என்னண்ணே?"

"அது நான் போடறது இல்லப்பா. ஒரு பக்கம் ஏறினா எங்க எறங்கும்னு தெரியுது. குறிச்சு வைக்கறேன். லோரி ஏறும்போது கேட்குதுல்ல, அந்த மாதிரி."

என் வரிசைக்கு வந்தேன். ஒன்பது வாரமாக நாலு, நாலு, நாலு. அதற்கு அப்புறம் ஆடி பிறக்கிற வாரத்தில் மைனஸ் பதினொன்று.

எங்கள் விதிகளில் அவ்வளவு பெரிய கழித்தல் எதற்கும் கிடையாது.

"உன் பேர்ல ரொம்ப ஏறிப்போச்சுப்பா" என்றார். நல்ல மழை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு என் சாமி இருக்குண்ணே. உங்க நோட்டு தேவையில்ல" என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் கோயிலில் நின்று சூடம் ஏற்றினேன். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.

வியாழக்கிழமை சேவியரின் வலது காலில் ஒரு மரப்பலகை விழுந்தது. எலும்பு உடையவில்லை, வீங்கியது, அவ்வளவுதான். மைனஸ் இரண்டு என்றால் அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆடி ஒன்றாம் தேதி என் மகள் யாழினிக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் டெங்கி என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பெயர், அதற்குக் கீழே வயது. பதினொன்று.

ரத்தத்தில் பிளேட்லெட் என்று ஒன்று. அது இறங்கிக்கொண்டே போனது. தாதி காலையில் வந்து ஆயிரக் கணக்கில் ஓர் எண்ணைச் சொல்வார். நாற்பது. மறுநாள் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் பத்தொன்பது. என் மனைவி வள்ளி எண்ணைக் கேட்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

பத்தொன்பது என்று சொன்ன அந்த நாளில், பார்வையாளர் நேரத்தில் திம்பாங் அண்ணே வந்தார். இரண்டு கையிலும் ஒரே அளவில் இரண்டு இளநீர். வள்ளியிடம் கொடுத்தார். பிள்ளையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே வராந்தாவுக்கு அழைத்தார். சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார்.

"அழிச்சிடட்டுமாப்பா?"

நோட்டைத் திறந்து என் வரிசையில் அந்த மைனஸ் பதினொன்றைக் காட்டினார்.

"ஆனா சும்மா அழிக்க முடியாது. இங்க எடுத்தா வேற எங்கயாவது போட்டாகணும். இல்லேன்னா நிக்காது."

எனக்குத் தெரியும், அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வேண்டாம் அண்ணே, சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது வருடம் எலுமிச்சம்பழம் வைத்த கை இது. திறந்திருந்த கதவு வழியாக யாழினியின் கால் தெரிந்தது. போர்வைக்கு வெளியே கணுக்காலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

"போடுங்கண்ணே" என்றேன். "யார் பேர்லயாவது போடுங்க."

"யாருன்னு கேட்க மாட்டியா?"

"வேணாம்ணே. எனக்குத் தெரிய வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரப்பரை எடுத்து, நோட்டைச் சுவரில் வைத்து அழித்தார். நிதானமாக, மற்ற கட்டங்களில் படாமல். துகளை ஊதினார். என் கையில் கொஞ்சம் வந்து ஒட்டியது. இரண்டு தே குடித்துவிட்டுப் போகிறவர் போலப் போய்விட்டார்.

மறுநாள் இருபத்தாறு. அதற்கு மறுநாள் ஐம்பது தாண்டியது. மருத்துவர், "அஞ்சு ஆறு நாள்ல தானாவே ஏறும், வழக்கம்தான்" என்றார். இருக்கலாம். வள்ளி கோயிலுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அதுவும் இருக்கலாம். அவள் நிம்மதியாக அழுதாள். நான் அழவில்லை. யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்றிலிருந்து காத்திருக்கத் தொடங்கினேன்.

தினமும் காலையில் முருகையாவுக்குப் போன் போடுவேன். "நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான்டா இருக்கேன். என்ன, கொஞ்ச நாளா எம்மேல பாசம் பொங்குது? சொத்து எதுவும் இல்ல, முன்கூட்டியே சொல்லிட்டேன்."

சேவியரிடம், "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்பேன். "ஃபாதரே இவ்வளவு கேட்க மாட்டாருடா" என்பான். அவர்கள் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகஸ்டு வந்தது, ஆட்டம் தொடங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பித்துவிட்டேன் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

தீபாவளி முடிந்த வாரம். கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தே வந்தது. வழக்கம்போலத் தூக்கினார், பார்த்தார், ஒன்றில் சாய்த்தார், திரும்பப் பார்த்தார். என் கிளாஸை என் பக்கம் தள்ளினார். அதில் அரை விரல் அளவு கூடுதலாக இருந்தது. அவருடையதில் அரை விரல் குறைந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. குடித்தார். இடது கையிலிருந்த பிஸ்கட் மேசையில் விழுந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி அறையில் நாற்காலியிலிருந்து இடது பக்கமாகச் சரிந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். இடது கை, இடது கால், பேச்சில் பாதி போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவர் அக்காள் வந்து தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். முதல் தடவை பார்க்கப் போனபோது தலையணைக்குக் கீழே காட்டினார். நோட்டு. "லீக்க... நீ பார்த்துக்க" என்றார்.

கிள்ளானுக்குத் திரும்புகிற ரயிலில் அதைத் திறந்தேன். எட்டு வரிசைகளும் பென்சிலில் இருந்தன. எட்டாவதுக்குக் கீழே கோடு போட்டு ஒன்பதாவதாக ஒரு வரிசை. பெயர் போட வேண்டிய கட்டம் காலி. ஆடி பிறந்த வாரத்தில் ஒரே ஓர் எண், மைனஸ் பதினொன்று. அது மட்டும் மையில் எழுதியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன். "ஏண்ணே உங்க பேர்ல போட்டீங்க?"

அவர் வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, விதியை விளக்குகிற மாதிரியே சொன்னார்.

"வேற யார் பேர்ல போட்டாலும்... லீக் சாஞ்சிடும். நான்தான் ஆடலையே. ஆடாதவன் பேர்ல போட்டா... யாருக்கும் கூடக் குறைய வராது."

என் மேல் வைத்த பாசத்தால் செய்தாரா, பிள்ளைக்காகச் செய்தாரா, அல்லது அந்தப் புள்ளிகள் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வருத்தப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் தே வாங்கிப் போயிருந்தேன். இரண்டு கிளாஸையும் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். வலது கையை மெதுவாக அசைத்தார். அந்தப் பக்கம் கூடுதல். சாய்த்தேன். திரும்பப் பிடித்தேன். அவர் கண்ணை மூடித் திறக்கும் வரை சாய்த்துக்கொண்டே இருந்தேன்.

மறு வருடம் பங்குனியில் அவர் போய்விட்டார். ஒன்பதாவது வரிசையில் அவரே பெயரை எழுதவில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

லீக் இன்னும் நடக்கிறது. அவர் போட்ட அதே புள்ளிகள்தான். நான் மட்டும் வாரா வாரம் பதினொன்றில் ஓர் இடத்தை, அவருடைய அந்தப் பெயர்க் கட்டம் போலக் காலியாக விட்டுப் பத்துப் பேரோடு ஆடுகிறேன். "உலகத்துலயே பத்துப் பேரோட லீக் ஆடற ஒரே மேதாவி நீதான்டா" என்று முருகையா கையெடுத்துக் கும்பிடுகிறான். ஒவ்வொரு வருடமும் கடைசியாக வருகிறேன். ஒவ்வொரு ஆடியிலும் கோயில் கூடாரத்துக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்காருகிறேன்.

இந்த வருடம் யாழினியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினாலு வயது ஆகிறது. தனி ஆளாகத்தான் உரிக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா எப்பவும் நீங்களே தோத்துப் போறீங்க?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். வெங்காயம் உரிக்கிறவன் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.